நல்லூர்க் கொடியும் நாயின் குளிசையும்

என்னுடைய இரத்த அழுத்தத்துக்கு அரசாங்கம் இலவசமாக மருந்துக் குளிசை தருகிறது. மாதம் ஒருமுறை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், துண்டெடுத்து, மர வாங்கில் குந்தியிருந்து, ஊர்ப்புதினம் எல்லாம் கேட்டு முடிய என் பெயரைக் கூப்பிடுவார்கள். ஒரு மாதக் குளிசையைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். எனக்குச் செலவு பஸ் காசு மட்டும்தான். இப்படியே பழகிப்போனவளிடம், நாய்க்கு இதயம் வீங்கியிருக்கிறது, சாகும்வரை காலையும் பின்னேரமும் குளிசை கொடுக்கவேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்லி, ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்து விலையையும் சொன்னால் எப்படி இருக்கும்? நாயின் இதயத்தை விட்டுவிட்டு என் இதயத்தைப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

“இது ஒரு வருசத்துக்கோ டொக்டர்?”

“ஒரு மாசத்துக்கு அன்ரி.”

கோயில் அர்ச்சனைத் துண்டைத் தவிர நான் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் எதுவும் கிடையாது. சந்தையில் என்னைக் கண்டதும் விலையை முதலே கூட்டிச் சொல்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டுவது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் வேறு. ஆகவே அன்றும் விடவில்லை.

“கொஞ்சம் பாத்துப் போடுங்கோ டொக்டர். இனி மாசாமாசம் வரப்போற ஆக்கள்தானே நாங்கள்.”

டொக்டர் இளம் பெண். சிரித்தார். “என்ரை கையிலை இல்லை அன்ரி. கொழும்பிலை இருந்து எடுப்பிக்கிறது. இஞ்சை உந்தக் குளிசை குடிக்கிற நாய் மொத்தம் நாலோ அஞ்சோதான். ஒரு பெட்டி விக்காமல் திகதி முடிஞ்சுதெண்டால் நான்தான் தூக்கி எறியவேணும்.”

இந்தக் கதையைத்தான் எல்லாக் கடைக்காரரும் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

அந்த நாய் நாங்கள் காசு கொடுத்து வாங்கியதல்ல. பத்து வருடத்துக்கு முன் மாரி மழையில் கேற்றுக்குக் கீழால் நுழைந்து, விறாந்தையில் ஏறி, உடம்பைச் சிலுப்பி என் கணவரின் வெள்ளை வேட்டியில் சேற்றைத் தெளித்துவிட்டுப் படுத்தது. பிறகு எழும்பவில்லை. மண்ணிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்திருக்கும். அது ஏதாவது குழப்படி செய்தால் என் கணவர், “இஞ்சரும், உம்மடை நாய் செய்த வேலையைப் பாரும்” என்பார். மற்ற நேரமெல்லாம் அது அவருடைய கதிரைக்குக் கீழேதான் கிடக்கும். அவர் பேப்பர் வாசிக்கும்போது காலால் அதன் முதுகைத் தடவுவதை நான் கண்டிருக்கிறேன். கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.

போன வருடம் சித்திரைக்குப் பிறகு அது இருமத் தொடங்கியது. முள் கொழுவியிருக்கிறது என்று நினைத்துச் சோற்று உருண்டை கொடுத்தேன். சளி என்று நினைத்துக் கற்பூரவள்ளிச் சாறு பருக்கினேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் இருமியது. கேற்றுவரை ஓடிப்போய்க் குரைக்கிற நாய், பாதி வழியில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணம் கொண்டுபோனோம்.

குளிசையைக் கையில் தந்துவிட்டு டொக்டர் கேட்டார்: “குளிசை விழுங்குமோ அன்ரி? சில நாயள் துப்பிப்போடும்.”

“மீனுக்குள்ளை வைச்சால் ஆணியையும் விழுங்கும்.”

“அப்ப அப்பிடியே குடுங்கோ. ஒழுங்காக் குடுத்தால் மூண்டு வருசம் இருக்கும். ஒரு நேரமும் விடப்படாது” என்று சொல்லி, அட்டையில் மீனையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதமும் எங்கள் நாய்க்கு ராச வாழ்க்கை. பருத்தித்துறையில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் நாய்க்கென்று தனியாகச் சூடைமீன் வாங்கினேன். அவித்து, முள்ளெடுத்து, குளிசையை உள்ளே வைத்துக் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. வாயில் போட்டதும் போயிற்று. மென்றதா விழுங்கியதா என்று பார்ப்பதற்குள் அடுத்ததுக்கு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இருமல் நின்றது. பழையபடி கேற்றுவரை ஓடிப்போய்த் தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது. விலை என்னவோ வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அந்தக் குரைப்பைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு நல்லூர்க் கொடி ஏறியது.

எங்கள் வீட்டு நிலவரத்தை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நான் கோப்பாய்ப் பெண். நல்லூர் முருகன் திருவிழா இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. என் கணவர் தொண்டைமானாற்றுக்காரர். சந்நிதி முருகனை விட்டால் அவருக்கு வேறு கதி இல்லை. நல்லூரில் தீர்த்தம் நடக்கிற அமாவாசையில் சந்நிதியில் கொடி ஏறும். அது பதினைந்து நாள். இரண்டு முருகனும் ஒருவரே என்றாலும், எங்கள் கலியாணத்தால் வந்த பலன், நாற்பது நாள் வீட்டுக்குள் ஒரு மீன் செதிலும் வராது. மீன் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவோம். கணவர் இரண்டு நேரம் குளித்து ஒரு நேரம் சாப்பிடுவார். மீன்காரரும் எங்கள் ஒழுங்கைக்கு வராமல் நேரே போய்விடுவார்.

நாயும் சைவமானது. அதுவரை ஒவ்வொரு வருடமும் அது முறுமுறுத்துக்கொண்டு சைவமாக இருந்ததுதான். பருப்பும் சோறும் நெய்யும் போட்டால் சாப்பிடும். எனவே குளிசையைத் தோசைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கியது. வாலை ஆட்டியது. வாயை மூடிக்கொண்டு பின் விறாந்தைப் பக்கம் போனது. வயது போனதால் மெல்ல இடம் பார்த்துச் சாப்பிடுகிறது என்று நினைத்தேன். எவ்வளவு ஒழுக்கமான நாய் என்று பெருமைகூடப் பட்டேன்.

இரண்டாம் கிழமை இருமல் திரும்பி வந்தது. மூன்றாம் கிழமை கேற்றுவரை போகாமல் முற்றத்தில் நின்றே ஒரு குரை குரைத்துவிட்டுப் படுத்தது. மறுபடியும் ஓட்டோ, மறுபடியும் டொக்டர்.

அன்று அங்கே நல்ல சனம். வாங்கில் ஐந்து பேர் பூனைகளோடும் நாய்க்குட்டிகளோடும் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விலையை நினைத்து ஓட்டோவில் வரும்போதே எனக்குச் சூடேறியிருந்தது. டொக்டர் நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அட்டையைப் பார்த்தார்.

“ஒழுங்காக் குடுக்கிறியளோ அன்ரி?”

“ரெண்டு நேரமும்.”

“மீனுக்குள்ளை வைச்சுத்தானே?”

“ஓம்” என்றேன்.

ஏன் சொன்னேன்? முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் “வீட்டுக்கணக்குச் செய்தனீங்களோ?” என்று கேட்டு, “ஓம் ரீச்சர்” என்ற பதிலைக் கேட்டு, கொப்பியைத் திறந்து வெள்ளைத் தாளைக் கண்டு, பிரம்பை எடுத்தவள் நான். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்கிற அதே ஓமை, அதே முகத்தோடு, அறுபது வயதில் சொன்னேன். இவ்வளவு காசையும் வாங்கிக்கொண்டு என்னையே கேள்வி கேட்கிறாரே என்ற கோபம் பாதி. திருவிழா, மச்சம், தோசை என்று ஐந்து பேருக்கு முன்னால் விளங்கப்படுத்துகிற அலுப்பும் பஞ்சியும் மீதி.

டொக்டர் அட்டையையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ஒண்டு காணாது போல. காலமை ஒண்டரை, பின்னேரம் ஒண்டரையாக் கூட்டுவம்.”

ஒன்றரை! குளிசையும் ஒன்றரை, காசும் ஒன்றரை. வேலை செய்யாத குளிசையை விற்றுவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்ல அதையே இன்னும் கூட வாங்கச் சொல்கிறார் என்று ஓட்டோ முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டது. அதற்கு உண்மை தெரியும்.

அன்று பின்னேரம் சென்னையில் வேலை செய்கிற என் அக்காவின் மகளோடு போனில் கதைத்தேன். பெட்டியின் படத்தை அனுப்பச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தாள்.

“சித்தி, அதே கொம்பனியின்ரை அதே மருந்து இஞ்சை ஒன்லைனிலை இருக்கு. விலையைப் பாத்தியளே?”

பார்த்தேன். அந்த ஊர்க் காசை எங்கள் காசுக்கு மாற்றினேன். கணக்கு ரீச்சர் என்றாலும் நம்பிக்கை வராமல் கணவரிடம் கொடுத்து மாற்றுவித்தேன். அவர் மாற்றினாலும் பாதிக்குக் குறைவுதான்.

பிறகு என் வாயைக் கட்ட ஆளில்லை. பால்காரருக்குச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னேன். நல்லூரில் சுவாமி வெளிவீதி சுற்றுகிற நேரம், மணலில் குந்தியிருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டு, என்னோடு படிப்பித்த நாலு ரீச்சர்மாருக்கும் சொன்னேன். “பகல் கொள்ளை. வாயில்லாச் சீவனை வைச்சுப் பிழைக்கினம்.” அவர்களும் கச்சானைக் கொறித்துக்கொண்டு “அப்பிடியோ, அப்பிடியோ” என்றார்கள். முருகன் முன்னால் வந்தபோது எழும்பிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி குந்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. ஒன்லைன் கடைக்காரருக்கு மிருக வைத்தியரின் கடிதம் வேண்டும். நான் யாரைக் கொள்ளைக்காரி என்று ஊர் முழுக்கச் சொன்னேனோ அவரிடமே போய் நிற்கவேண்டும். போனேன். சண்டை வந்தால் என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே நாலைந்து வசனம் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன்.

டொக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதத் தொடங்கினார். “அந்த விலைக்கு என்னாலையே வாங்கேலாது அன்ரி. எடுப்பியுங்கோ, பிழையில்லை. பெட்டி வந்ததும் ஒருக்காக் கொண்டுவந்து காட்டுங்கோ, சரியான அளவோ எண்டு பாப்பம்.”

ஆயத்தப்படுத்திய வசனங்கள் எல்லாம் வீணாய்ப் போயின. காட்டச் சொல்வதிலும் ஏதோ காசு இருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தேன்.

கடிதம் கைபேசியால் போனது. குளிசை வருவதற்கு ஆள் வேண்டும். பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கிற எவரும் தன் சாமானை மட்டும் கொண்டுவந்த சரித்திரம் இல்லை. பாதிப் பெட்டி அவருடையது, பாதி ஊருடையது. அந்த நேரம் பக்கத்து ஒழுங்கை அக்கா தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போனார். அவர் சாதாரண சைவம் இல்லை. முட்டை போட்ட கேக் வெட்டிய கத்தியால் தனக்குப் பழம் வெட்ட விடமாட்டார். படம் கேட்ட என் பெறாமகள் அவரை முதல் நாளே சென்னையில் சந்தித்து, நாலு மாதத்துக்கான குளிசைப் பெட்டிகளைக் கையில் கொடுத்துவிட்டாள். அவை அக்காவோடு ஒவ்வொரு கோயிலாகப் போய்வந்தன.

சந்நிதியில் கொடியேறி இரண்டாம் நாள் அக்கா வந்து இறங்கினார். குளித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டில் விபூதி, குங்குமம், பஞ்சாமிர்தம், நடுவில் குளிசைப் பெட்டிகள்.

“சாமிச் சாமானோடை சேத்துக் கவனமாக் கொண்டந்தனான் ரீச்சர். போன கோயில் எல்லாத்திலையும் உங்கடை நாய்க்குச் சுகம் வரவேணுமெண்டு பெட்டியை வைச்சுக் கும்பிட்டனான்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கினேன். அக்கா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தேன். மருந்து அதேதான். கொம்பனி அதேதான். கீழே ஒரு மூலையில் மாட்டுத்தலை ஒன்று சின்னதாக வரைந்திருந்தது. அதன் பக்கத்தில், நாய் விரும்பி மெல்லுவதற்காக மாட்டிறைச்சிச் சுவை சேர்க்கப்பட்டது என்று இங்கிலிஷில் எழுதியிருந்தது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அக்கா பஞ்சாமிர்தத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே சாமியறையில் கணவர் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். நாய் மட்டும், நாலைந்து நாளாக எழும்பாமல் கிடந்த நாய், மூக்கை நீட்டிக்கொண்டு எழுந்து வந்து என் கையில் இருந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தது.

சொல்வதா விடுவதா? அக்காவுக்குச் சொன்னால் அவர் மறுபடியும் முதலில் இருந்து யாத்திரை போகவேண்டிவரும். கணவருக்குச் சொன்னால் கோபப்படமாட்டார். அதுதான் பயம். ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்த் தலையில் தண்ணீர் வார்ப்பார். நாயைப் பார்த்தேன். விலா எலும்பு ஏறி இறங்கியது. முருகா, மருந்துதானே, மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பெட்டிகளைப் பழைய பேப்பரில் சுற்றி, கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் வைத்திருக்கிற கொட்டிலில் கொண்டுபோய் ஒளித்தேன்.

அன்று தொடக்கம் நான் கள்ளி. காலையும் பின்னேரமும் பூப்பறிக்கப் போகிற சாட்டில் கிணற்றடிக்குப் போவேன். நாய் எனக்கு முன்னால் போய் நிற்கும். மீனும் வேண்டாம் தோசையும் வேண்டாம், கையில் இருந்து வாங்கிச் சப்பித் தின்றுவிட்டு விரலையும் நக்கும். நான் சவர்க்காரம் போட்டு ஏழெட்டுத் தரம் கை கழுவிவிட்டு, பறித்த பூவோடு வந்து கணவரின் விரதச் சோற்றுக்கு அரிசி களைவேன். பத்து நாளில் இருமல் குறைந்தது. ஒருநாள் தபால்காரர் குரைப்பு வாங்கினார். அவருக்கே சந்தோஷம்.

வெற்றி என்றால் அப்படி ஒரு வெற்றி. “பாத்தியளே, நான் சொன்னனான்தானே. அவ வித்தது வெறும் சுண்ணாம்பு. இதுதான் மருந்து.” மூன்று பேர் தங்கள் நாய்க்கும் எடுப்பித்துத் தரச் சொல்லிப் படம் அனுப்பினார்கள். ஒன்லைன் வியாபாரத்துக்கு யாழ்ப்பாணப் பொறுப்பாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

சந்நிதித் தீர்த்தம் முடிந்த அடுத்த நாள் வீடு கழுவுகிற நாள். கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் விறாந்தையில் இருந்த குரோட்டன் செடிச் சாடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். கடைசிச் சாடிக்குப் பின்னால், சுவர் மூலையில், அவர் குனிந்து நின்றார்.

“இஞ்சரும், ஒருக்கா இஞ்சை வாரும். உது என்ன?”

போய்ப் பார்த்தேன். ஒரு கும்பி. காய்ந்த தோசைச் சுருள்கள். எறும்பு தோசையை மட்டும் அரித்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே இருந்தவை அப்படியே கிடந்தன, வெள்ளைக் குளிசைகள். சில கரைந்து நிலத்தோடு ஒட்டியிருந்தன. சில முழுசாக இருந்தன. நாய் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் திரும்பிப் பார்க்க, அது பலாமரத்தைப் பார்த்தது.

ஒரு கணக்கு ரீச்சருக்கு இதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மீன் இருந்த மட்டும் மருந்து உள்ளே போனது. கொடி ஏறியதும் மருந்து சாடிக்குப் பின்னால் போனது. மாடு வந்ததும் மறுபடி உள்ளே போனது. டொக்டர் விற்ற குளிசையில் ஒரு குறையும் இல்லை. சென்னையில் இருந்து வந்ததில் ஒரு அதிசயமும் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் எங்கள் நாய் இதய வருத்தத்தோடு மருந்து இல்லாமல் இருந்தது. நான் பக்கத்தில் நின்று, ஒழுக்கமான நாய் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

“எப்பிடிக் குடுக்கிறியள் எண்டு டொக்டர் கேட்கேல்லையோ?” என்று கணவர் கேட்டார்.

“கேட்டவ.”

“நீர் என்ன சொன்னீர்?”

நான் குனிந்து குளிசைகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவினார். “வெளிக்கிடும், டொக்டரிட்டைப் போவம்” என்றார்.

இருமல் குறைந்திருக்கிறது, இனி என்ன பயம் என்று என்னையே தேற்றிக்கொண்டு போனேன். டொக்டர் வழக்கத்தை விடக் கனநேரம் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே கொண்டுபோய் எக்ஸ்றேப் படம் எடுத்தார். பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“கொஞ்சம் கூடியிருக்கு அன்ரி.”

“இருமல் குறைஞ்சிட்டுதே டொக்டர்.”

“இருமல் குறையும். ஆனா வீங்கினது திரும்பச் சுருங்காது. இனிமேல் கூடாமல் பாப்பம். முந்தி மூண்டு வருசம் இருக்கும் எண்டு சொன்னனான். இப்ப அப்பிடிச் சொல்லமாட்டன்.”

அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, தோசை, சாடி, ஓம், கச்சான், கொள்ளை, எல்லாம். உங்களைப் பற்றி ஊரெல்லாம் கதைச்சுப்போட்டன் என்பதையும் சொன்னேன்.

“தெரியும் அன்ரி, ரெண்டு பேர் வந்து சொன்னவை” என்றார் டொக்டர். கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். “துப்புதோ எண்டு எனக்கும் ஒரு யோசனை வந்தது. நீங்கள் ஓம் எண்டனீங்கள். அதை நம்பித்தான் கூட்டினனான். இனி பழையபடி ஒண்டு காணும்.” பேனையை எடுத்து அட்டையைத் திறந்தார். “சரி. இப்ப எதுக்குள்ளை வைச்சுக் குடுக்கிறியள்?”

நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கணவர் நின்றார். நெற்றியில் மூன்று குறி விபூதி. நாற்பது நாள் விரதம் முடித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இன்னொரு ஓமோ இல்லையோ சொல்லித் தப்ப எனக்கு நாலைந்து வழி தெரியும். நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒண்டுக்குள்ளையும் வைக்கிறேல்லை டொக்டர்” என்றேன். “அது மாட்டிறைச்சி ருசியிலை செய்த குளிசை. சும்மா குடுத்தாலே தின்னும். சந்நிதிக் கொடி ரெண்டாம் நாள் தொடக்கம் குடுக்கிறன். இவருக்குச் சொல்லேல்லை.”

கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாயின் மடிந்த காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எங்கை வைச்சிருக்கிறியள்?” டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“கிணத்தடியிலை, மோட்டர் கொட்டிலுக்குள்ளை.”

“தகரக் கூரையோ?”

“ஓம்.”

“ஐயோ அன்ரி, அந்த வெக்கையிலை மருந்து பழுதாப் போகுமெல்லே. வீட்டுக்குள்ளை வெயில் படாத, குளிர்ச்சியான இடமொண்டும் இல்லையோ?”

நான் யோசித்தேன். எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. குசினி அடுப்பு வெக்கை. படுக்கையறைக்குப் பின்னேர வெயில் நேரே அடிக்கும்.

“சாமியறை இருக்கு” என்றார் கணவர்.

அன்று டொக்டரிடமும் ஒரு பெட்டி வாங்கினேன், கொட்டிலில் கிடந்தவற்றில் எது பழுது எது நல்லது என்று அவர் பார்த்துச் சொல்லும்வரைக்கும். விலையைக் கேட்டேன். பேரம் பேசவில்லை. அடுத்த முறையும் சென்னையில் இருந்துதான் எடுப்பிக்கப் போகிறேன், அதையும் சொன்னேன். பெட்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார்.

ஓட்டோவில் வீடு வரும்வரை கணவர் நாயைத் தன் மடியில் வைத்திருந்தார். வந்ததும் குளித்தார். வேட்டி மாற்றினார். கிணற்றடிக்குப் போய்ப் பெட்டிகளைத் தானே எடுத்துவந்தார். சாமியறைக் கதவு திறந்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்த கற்பூரப் பேணியையும் திரிக்கட்டையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பேப்பர் சுற்றலோடு பெட்டிகளை அங்கே அடுக்கினார். பிறகு கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் பின்னால் வந்து வாசலில் நிற்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

“முருகா, இது மருந்து” என்றார், பக்கத்து வீட்டாரோடு கதைக்கிற குரலில். “பிழையெண்டால் தண்டனையை எனக்குப் போடு. அந்தச் சீவனுக்குப் போடாதை.”

உள்ளே போய் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

“இவருக்கில்லை முருகா, எனக்குப் போடு” என்றேன்.

அவர் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, “சரி, பாதி பாதி” என்றார்.